திறமையா, உழைப்பா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கோல்ப் என்றால் நம்மில் பலருக்கு நுவரெலியாச் சுற்றுலாவில் பஸ் யன்னலூடாகக் கண்ட புல்வெளிதான். ஆனாலும் திறமையா, உழைப்பா என்று கேட்பதற்கு அது நல்ல விளையாட்டு. பந்து அசையாமல் கிடக்கிறது. எதிராளி வந்து தடுப்பதில்லை. தவறினால் பழிபோட வேறெவரும் இல்லை.

அமெரிக்கரான பென் ஹோகன் 1930இல், 17 வயதில், தொழில்முறை வீரரானார். தொழில்முறைச் சுற்றில் தனியாளாக அவர் பெற்ற முதல் வெற்றி 1940இல்தான் வந்தது. அடித்த பந்து இடப்புறம் வளைந்து ஓடும் குறை அவரை நெடுங்காலம் வாட்டியது. அதைத் திருத்தவே ஓயாமல் பயிற்சி செய்தார். பின்னர் ஒன்பது பெரும் போட்டிகளை வென்றார். பீஜியில் பிறந்த விஜய் சிங், போர்னியோத் தீவில் கோல்ப் கற்பித்துப் பிழைத்தவர். அமெரிக்கச் சுற்றில் அவர் பெற்ற 34 வெற்றிகளில் 22, நாற்பது வயதுக்குப் பின் வந்தவை.

அப்படியானால் உழைப்பு மட்டும் போதுமா? போதாது. விடியமுதல் மைதானத்துக்குப் போய்வந்தும் பெயர் தெரியாமலே போனவர்கள் ஏராளம். உச்சிக்கு வந்தவர்களிடம் திறமையும் இருந்தது. ஆனால் அது எவ்வளவு என்பது உழைத்த பிறகுதான் தெரிந்தது. ஹோகனை 1935இலும், சிங்கை போர்னியோவிலும் பார்த்தவர்கள் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்?

சுவீடனின் அன்னிகா சோரன்ஸ்டாமின் கதை நமக்கு இன்னும் கிட்டவானது. சிறுமியாக இருந்தபோது, வென்றால் மேடையில் பேசவேண்டுமே என்ற கூச்சத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டுப் பின்தங்கிவிடுவார். பயிற்றுநர்கள் அதைக் கவனித்தார்கள். அடுத்த போட்டியில் முதலாம் இடத்துக்கு வந்தவரும் இரண்டாம் இடத்துக்கு வந்தவரும் பேசவேண்டும் என்றார்கள். எப்படியும் பேசத்தான் வேண்டுமென்றால் வென்றுவிட்டே பேசலாம் என்று அன்னிகா முடிவெடுத்தார். 2001இல் 18 குழிகளையும் 59 அடிகளில் முடித்தார். பெண்கள் தொழில்முறைச் சுற்றில் அதற்குமுன் எவரும் செய்யாதது அது. அமெரிக்கப் பெண்கள் சுற்றில் அவருடைய வெற்றிகள் 72.

அந்தச் சிறுமிக்குத் திறமையும் இருந்தது, உழைப்பும் இருந்தது. ஒளிந்து நின்றவளைக் கண்டுபிடிக்க ஒருவர் தேவைப்பட்டார்.

சகோதரிகளே, நாம் என்ன செய்கிறோம்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்த அன்றே, இவள் கெட்டிக்காரி, மற்றவள் பாவம், முயற்சி செய்கிறாள் என்று பிரித்துவிடுகிறோம். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் தோற்கப் பயப்படுகிறாள். மற்றவள் வெல்லலாம் என்று நினைப்பதையே விட்டுவிடுகிறாள். விடை தெரிந்தும் கை உயர்த்தாமல் பின்வாங்கில் இருப்பவளை நாம் காண்பதே இல்லை.

தாயாக, ஆசிரியையாக, மேலதிகாரியாக எந்த நாட்டில் இருந்தாலும், அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் பிந்திச் சொல்லுவோம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளையை முன்னுக்கு அழைத்துப் பேச வைப்போம்.