இரும்பு மிகுந்தாலும் எலும்பு நலியும்



கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்தவை. அட்டப்பாடி மலையூர்களிலும் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் பணியாற்றும் நலத்துறையினர் இரும்புச் சத்து என்றதும் அதன் குறைவையே எண்ணுவர். அது இயல்பே. 1970ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய இரத்த சோகைத் தடுப்புத் திட்டமும், 2018இல் வந்த இரத்த சோகையற்ற இந்தியா இயக்கமும் அக்குறைவை நீக்கவே வகுக்கப்பட்டன. எனினும் சிலருக்கு இரும்பின் மிகுதியே கேடாகிறது. அக்கேடு எலும்பு வரை செல்வதை இன்று விளக்க விரும்புகிறேன்.

வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. குடல் நாள்தோறும் ஏற்பது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி இல்லாமையால், நுழைவாயிலிலேயே அதனைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் இக்காவலைச் செய்கிறது. இரத்தம் ஏற்றும்போதோ இக்காவல் பயனற்றுவிடுகிறது. ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. குடல் பல மாதங்களில் ஏற்கும் அளவு ஒரே நாளில் உட்புகுகிறது.

எலும்பு ஓயாது அரிக்கப்பட்டும் மீண்டும் கட்டப்பட்டும் வருவது. தேங்கிய இரும்பு, கட்டும் உயிரணுக்களைத் தளர்த்துகிறது; அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பியில் படிந்து, எலும்பைக் காக்கும் பாலின ஹார்மோன்களையும் குறைக்கிறது. தாலசீமியா நோயாளிகள் பலர் இளமையிலேயே எலும்பு அடர்த்தி குன்றி, சிறு சறுக்கலிலும் முறிவு காண்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இருளர், முடுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடியில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அண்டையிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952இல் அரிவாள் செல் ஹீமோகுளோபின் கண்டறியப்பட்டது. அட்டப்பாடியிலும் அந்நோய் உண்டு. 2013இல் நிகழ்ந்த குழந்தை இறப்புகளோ அங்குள்ள ஊட்டக் குறைவை நாடறியச் செய்தன. ஆகவே ஒரு வீட்டுக் கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரை உயிர்காப்பு. அடுத்த வீட்டில் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட அரிவாள் செல் நோயாளிக்கோ இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். இருவர் முகமும் ஒன்றுபோலவே வெளிறியிருக்கும்.

இவ்விருவரையும் பிரித்தறிய ஹீமோகுளோபின் அளவு மட்டும் போதாது. அரிவாள் செல் சோதனையும் இரத்தத்தின் ஃபெரிட்டின் அளவும் வேண்டும். அரிவாள் செல் நோயாளிக்கு ஃபோலிக் அமிலம் தரலாம். இரும்புக் குறைவு உறுதிப்பட்டாலன்றி இரும்பு தரலாகாது. தொடர்ந்து இரத்தம் ஏற்றப்படுவோரிடம் ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராமைக் கடந்தால், இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்துகளை மருத்துவர் கருதுவர். எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் உடன் பார்ப்பது நன்று.

2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்தது. அச்சோதனை முடிவு அட்டையோடு நின்றுவிடாமல், ஊரில் மாத்திரை வழங்கும் பணியாளரின் கைக்கும் எட்ட வேண்டும். அதே வேளையில், இவ்வுரையைக் கேட்டு எந்தக் கர்ப்பிணியும் மருத்துவர் தந்த மாத்திரையைக் கைவிட்டுவிடக் கூடாது. குறைவுடையோருக்குத் தவறாமல் கொடுப்பதும், மிகுதியுடையோருக்குத் தவறியும் கொடாதிருப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாம்.