மாறிச் செல்லும் மாணவருக்குக் களம் மறுக்கலாமா?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்வியின் பெருமையை விரித்துரைப்பது எளிது. அதை இம்மேடையில் பலரும் நம்மினும் சிறப்பாகச் செய்துள்ளனர். நாம் இன்று ஒரு சிறு வாயிலைப் பற்றி மட்டும் பேச விழைகின்றோம். விளையாட்டில் தேர்ந்த மாணவர் ஒருவர், ஒரு கல்லூரியை விட்டு வேறொரு கல்லூரிக்கு மாறுகின்றார். புதிய இடத்தில் அவர் எப்போது களம் இறங்கலாம்? விதி அவரைத் தடுக்குமானால், அவருடைய நிலையை எண்ணிப் பார்த்து விலக்களிப்பார் உண்டா? இவை சிறு கேள்விகள்போல் தோன்றும். ஆனால் நம் பிள்ளைகளின் வாழ்வு பல நேரங்களில் இத்தகைய சிறு வாயில்களில்தான் இடறி விழுகின்றது.

நம் வட்டாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நந்தனத்தில் 1920-இல் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரை விட்டுத் தாம்பரத்திற்கு வந்தது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நடைபெறுகிறது. சேலையூரிலும் பல்லாவரத்திலும் காட்டாங்குளத்தூரிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. இவை ஒவ்வொன்றும் தனி ஆட்சி உடையவை. எனவே, தாம்பரம் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறிச் சில நிலையங்கள் தள்ளி இறங்கும் மாணவி, தான் அறியாமலேயே வேறொரு பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறாள். வீட்டாருக்கு அது பேருந்துச் சீட்டு மாறும் செய்தி. ஏட்டிலோ அது பல்கலைக்கழகம் மாறும் செய்தி.

இப்பகுதியின் பிள்ளைகளுக்கு ஆற்றல் குறைவில்லை. 2025-ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், நம் தென்சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா ஆடினார். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட இடத்திலிருந்து அப்பெண் எழுந்தார் என்பதை நாம் பெருமிதத்துடன் நினைக்கின்றோம்.

கல்லூரி விளையாட்டு நம்மவர்க்குப் பொழுதுபோக்கன்று. மைய அரசின் பணிகளுக்கு விளையாட்டு வீரராக விண்ணப்பிப்போர் தரவேண்டிய சான்றிதழ்களில் மூன்றாம் படிவம் என ஒன்றுண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியவருக்கே அது கிடைக்கும். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்க்கென 3 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நிலமும் கடையும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பருவம் ஆடாமற்போவது ஒரு கோப்பையை இழப்பதன்று. வேலைக்குரிய தாளொன்றை இழப்பதாகும்.

இனி விதியைப் பார்ப்போம். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-இல் பல்கலைக்கழக இடைவாரியமாகத் தோன்றி, 1973-இல் இப்பெயர் பெற்ற அமைப்பு அது. ஒரு கல்வியாண்டில் ஒருவர் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் சார்பில்தான் ஆடலாம் என்பது அதன் விதி. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்ந்தவர், அப்பெயர்ச்சி முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே ஆடத் தகுதி பெறுவார். முழுநேரப் பணியில் இருப்பவர் ஆட இயலாது. தற்காலிகச் சேர்க்கை சேர்க்கையாகக் கொள்ளப்படாது.

இவ்விதிகள் தீய எண்ணத்தில் பிறந்தவை என்று நாம் சொல்ல மாட்டோம். பந்தயம் நெருங்கும் வேளையில் ஒரு கல்லூரி மற்றொரு கல்லூரியின் ஆட்டக்காரர்களை ஆசை காட்டி இழுப்பதைத் தடுக்க ஏதேனும் ஓர் அணை வேண்டும். படிக்காமலே பெயரை மட்டும் பதிந்துகொண்டு கோப்பைக்காக வருவோரையும் தடுத்தாக வேண்டும். வேலி தேவைதான். ஆனால் பயிரை மேய வரும் மாட்டையும், பாதை தேடி வரும் குழந்தையையும் வேலி ஒன்றாகவே எண்ணுமானால், அங்கே காவலர் ஒருவர் நின்று இன்னார் இன்னார் என்று பார்த்தாக வேண்டும்.

நம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தியின் வரலாற்றை இங்கே சொல்கின்றோம். பெயர் வேண்டா. தந்தை கட்டடத் தொழிலாளி. தாய் வீட்டு வேலை செய்பவர். குறுவட்டப் போட்டி முதல் மாநிலப் போட்டி வரை நம் பள்ளிக்காகக் கபடி ஆடியவள். கல்லூரி ஒன்று விளையாட்டு இடத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டது. விடுதி இலவசம், உணவு இலவசம் என்று வாயால் உறுதி கூறினர். தாளில் ஒன்றும் இல்லை. முதல் ஆண்டின் இறுதியில் விடுதிக் கட்டணம் கேட்டனர். அதே வேளையில் தாய் நோய்வாய்ப்பட்டார். வீட்டிலிருந்தே சென்று படிக்கத்தக்க கல்லூரி வேண்டுமென்று, இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் தாம்பரத்தை அடுத்த வேறொரு கல்லூரிக்கு மாறினாள். அது வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

முதற்கல்லூரி, எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்றது. சூன் திங்களில் கேட்ட மாற்றுச் சான்றிதழ் நவம்பரில் கைக்கு வந்தது. அதன்பின் இடப்பெயர்வுச் சான்றிதழ். அதன்பின் புதிய பல்கலைக்கழகத்தின் ஒப்புதல். இவை யாவும் முடிவதற்குள் தென்மண்டலப் போட்டிக்கு அணிப் பட்டியல் போய்விட்டது. நாள்தோறும் புதிய கல்லூரித் திடலில் பயிற்சி செய்தாள். அணி புறப்பட்ட நாளில் வழியனுப்பிவிட்டு வீடு திரும்பினாள். மறு ஆண்டு தகுதி வந்தது; ஆனால் ஓராண்டு போட்டி ஆடாதவளுக்கு அணியில் இடம் கிட்டவில்லை. பட்டம் பெற்றாள், மூன்றாம் படிவம் பெறவில்லை.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. பட்டியல் இன மாணவர்க்கு மைய அரசு 1944 முதல் வழங்கிவரும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அரசின் முன் அனுமதியின்றிப் பாடத்தையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றிக்கொண்டால் உதவித்தொகை நீக்கப்படலாம். அவள் அனுமதி கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அவ்வாண்டு உதவித்தொகையும் நின்றது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை கல்லூரி மாறினால் ஒரு பருவ ஆட்டத்தை இழப்பான். நம் பிள்ளை ஆட்டத்தையும் இழக்கிறாள், உணவையும் இழக்கிறாள்.

இதில் நம் பிழையும் உண்டு என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். அவள் பள்ளியை விட்டுச் சென்ற நாளில், நன்னடத்தைச் சான்றிதழில் நாம்தான் கையொப்பமிட்டோம், வாழ்த்தினோம், இனிப்பு வழங்கினோம். கல்லூரி தரும் உறுதிமொழியை எழுத்தில் வாங்கிக்கொள் என்று சொல்லவில்லை. மாறும்போது எங்கெங்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைத்தலாகாது என்று 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கின்றது. அவ்வறிவிப்பைக் காட்டி அன்றே ஒரு கடிதம் எழுதியிருந்தால், நவம்பர் வரை அவள் காத்திருக்க நேர்ந்திராது. அறிவிப்பு இருந்தது, அதனை எடுத்துக் காட்டும் கை இல்லை.

விலக்கு என்பது எத்துணை வலிமையுடையது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கம், கூடைப்பந்து முதலிய ஆட்டங்களில், கல்லூரி மாறியவர் ஓராண்டு ஆடாமல் படிக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதித்திருந்தது. 2021-இல் முதன்முறை மாறுவோருக்கு மட்டும் அத்தடை நீங்கியது. இரண்டாம் முறை மாறுவோர் காரணம் காட்டி விலக்குக் கேட்க வேண்டும். துலாலிப் என்னும் பழங்குடிக் குடியிருப்பில் வளர்ந்த ரேக்குவான் பேட்டில் என்ற இளைஞர், இரண்டாம் முறையாக மாறி மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் மனநலத்தைக் காரணம் காட்டி விலக்குக் கேட்டார், மறுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் சில மாநில அரசுகள் இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அவ்விளைஞர் நீதிமன்றத்தில் நின்று தம் நிலையை எடுத்துரைத்தார். நீதிமன்றம் விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்திங்களிலேயே அவர் களம் இறங்கினார். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதியுள்ளோர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று அச்சங்கம் விதியையே மாற்றிக்கொண்டது.

அங்கே பெரும்பணம் புழங்குகின்றது. இங்கே நிலை வேறு. அவ்வழி முழுவதும் நமக்குப் பொருந்தும் என்று நாம் கூறவில்லை. கட்டுப்பாடே இல்லையானால் பணம் படைத்த கல்லூரிகளே ஆட்டக்காரர் அனைவரையும் அள்ளிக்கொள்ளும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆயினும் ஒரு பாடம் உண்டு: மறுப்பைக் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பாமல், காரணத்தை ஏட்டில் எழுதி உரியோர் முன் வைத்தமையால்தான் கதவு திறந்தது.

நம் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பயின்றுகொண்டிருந்தபோது, பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்து, 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற சிறப்பு அனுமதியைப் பெற்றுக்கொண்டே திரும்பினார். 1920-இல் மீண்டும் சென்றார். 1921-இல் முதுநிலைப் பட்டமும், 1923-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த அனுமதித் தாள் ஒன்று இல்லாதிருந்தால் அக்கதவு அடைபட்டிருக்கும். கப்பல் ஏறும் முன் அதனைக் கேட்டுப் பெற்ற முன்னறிவை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நமக்கு அண்மையில் உள்ள பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி. இராசா அவர்களும் நம்மைப்போல் ஓர் ஆசிரியரே. சட்டமன்றத்தில் முறையாகத் தீர்மானம் கொண்டுவந்து, 1922-இல் இழிபெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை நிலைநாட்டியவர். எழுத்தில் கேட்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற ஆயுதம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, நான்கு சொற்களை நினைவில் வையுங்கள். ஒன்று, விளையாட்டு இடத்தில் சேரும்போது கட்டணம், விடுதி, உணவு பற்றிய உறுதியை எழுத்தில் பெறுங்கள். இரண்டு, மாற நேர்ந்தால் கல்வியாண்டின் முடிவிலேயே மாறுங்கள், இடையில் மாறாதீர். மூன்று, மாறும் முன்னரே உதவித்தொகைக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் அனுமதி கேளுங்கள். நான்கு, மாற்றுச் சான்றிதழுக்கும் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கும் தரும் விண்ணப்பத்தின் படியில் நாளிட்ட ஒப்புகை பெற்று வைத்திருங்கள். தாமதம் எவருடையது என்பதை அதுவே சொல்லும்.

பல்கலைக்கழகங்களை ஆள்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் நோய், விடுதி இழப்பு, கல்லூரி தன் உறுதியைக் காவாமை ஆகிய காரணங்களால் மாறுவோருக்கு விலக்களிக்கும் முறையைத் தெளிவாக எழுதி வையுங்கள். விண்ணப்பித்த 30 நாள்களில் முடிவு சொல்லுங்கள். முந்தைய கல்லூரியின் தாமதத்தால் மாணவர் பருவத்தை இழக்கலாகாது என்று வகுத்துவிடுங்கள்.

இறுதியாக நம் கழகத்திற்கு. வெள்ளி விழாவின் நினைவாக மண்டபம் எழுப்பலாம் என்று சிலர் கூறுகின்றனர், எழுப்புவோம். அதற்கு முன் ஒரு மேசை போடுவோம். ஞாயிறுதோறும் காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் அங்கே அமரட்டும். கல்லூரி மாறும் பிள்ளைக்கு விதியைப் படித்துச் சொல்லி, விண்ணப்பம் எழுதித் தந்து, பதில் வரும்வரை பின்தொடரட்டும். ஓய்வுபெறும் நாளுக்குப்பின் அவ்விரு நாற்காலிகளில் ஒன்றில் அமர நாம் இப்போதே பெயர் கொடுக்கின்றோம். நம் கையொப்பத்துடன் சென்று களத்திற்கு வெளியே நின்ற அந்த மாணவிக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.