தண்ணீரைச் சுற்றி வீடு
வலையபட்டியில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை



பகல் ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். களை எடுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு ஊருணி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டில் பெய்த மழை வரத்துக்காலில் ஓடிவந்து நிறையும் குளம். குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, ஆடு மாட்டுக்கு ஒன்று என்று வெட்டி வைத்தார்கள். அதைச் சுற்றித் தெரு. தெருவைச் சுற்றி வீடு. ஊர் உண்ணும் நீர், ஆகவே ஊருணி.

இன்று உலகத்துப் பணக்காரர்களுக்கு வேறு மாதிரியான ஒரு ஊருணி வெட்டித் தருகிறார்கள். கடல் இல்லாத இடத்தில் ஒரு குட்டிக் கடல். மணல் இல்லாத கரையில், லாரியிலும் கப்பலிலும் கொண்டுவந்து கொட்டிய வெள்ளை மணல். சுற்றிலும் பங்களாக்கள், வாசலில் காவல்காரன். செல்போனில் அதன் விளம்பரத்தை நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். நீலத் தண்ணீர், தென்னை மரம், சாய்வு நாற்காலியில் ஒரு துரைசானி.

"அது அவன் காசு, அவன் குளிக்கிறான். வலையபட்டியில் அதற்கு ஏன் கூட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

இந்த வியாபாரம் பெரிதாகக் கிளம்பியது தென் அமெரிக்காவில், சிலி நாட்டில். அல்கரோபோ என்ற ஊரில், பசிபிக் சமுத்திரத்தின் கரையிலேயே, 2006-ல் ஒரு செயற்கைக் கடலைத் திறந்தார்கள். நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பரப்பு 8 ஹெக்டேர். கொள்ளளவு 25 கோடி லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் குடமானால் ஒரு கோடியே அறுபத்தாறு லட்சம் குடம்! ஆயிரம் குடும்பம் உள்ள ஊரில் வீட்டுக்குத் தினம் பத்துக் குடம் எடுத்தாலும் நாலரை வருஷம் எடுக்கலாம்.

"அது கடல் நீர்தானே, குடிநீரா?" என்பார்கள். சரி, சிலியில் அது கடல் நீர்தான். ஆனால் அதே முறையைக் கொண்டு பிறகு கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களிலும் கட்டினார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து வெஸ்லி சாப்பல் என்ற புறநகரில் 2018-ல் ஏழரை ஏக்கரில் ஒன்று திறந்தார்கள். கடல் அங்கே இல்லை. வீட்டு மனை விற்கக் கடல் வேண்டும். ஆகவே கடலைச் செய்துவிட்டார்கள்! மண்ணைத் தோண்டி அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்புகிறார்கள். ஒரு சொட்டுக்கூட நிலத்தில் இறங்காது. மருந்து கலந்து, இயந்திரம் வைத்து, பாசி பிடிக்காமல் காக்கிறார்கள். வெயிலில் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்துக் கிணறு எதிலும் அந்தத் தண்ணீர் ஊறாது. மாடு வாய் வைக்காது, மீன் வளராது. தண்ணீரைத் தண்ணீருக்குரிய எந்த வேலையும் செய்யவிடாமல் அழகுக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இனி நமக்கு நெருக்கமான ஊருக்கு வருவோம். சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு இந்தச் சீமையில் எங்கே இருக்கிறது? அந்த நாட்டின் தென்கரையில் ஒரு தீவு. பழைய மலாய்ப் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. பின்னால் சாவு நிற்கும் தீவு என்று அர்த்தம். வெள்ளைக்காரன் பீரங்கி வைத்திருந்த இடம். 1942-ல் ஜப்பானிய ராணுவம் சுட்டுக் கொன்ற சீன மக்களின் பிணங்கள் கரை ஒதுங்கியதும் அங்கேதான். 1972-ல் அந்தத் தீவுக்குச் செந்தோசா என்று பெயர் வைத்தார்கள். அமைதி என்று பொருள். சாவு என்ற பெயரில் யார் மனை வாங்குவான்? குடியிருந்த கிராமத்து ஜனங்களைப் பெருநிலத்துக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கடற்கரைகளைச் செய்தார்கள். தீவின் கிழக்கு முனையில் கடலைத் தூர்த்து, செயற்கை நீர்வழிகளை வெட்டி, 117 ஹெக்டேரில் ஒரு குடியிருப்பு எழுப்பினார்கள். செந்தோசா கோவ் என்று பெயர். 2003 முதல் மனை விற்றார்கள். வீட்டுப் பின்வாசலில் சொகுசுப் படகைக் கட்டிக்கொள்ளலாம். அந்நியநாட்டுச் சீமான்கள் சர்க்கார் அனுமதியோடு மனையும் பங்களாவும் வாங்கலாம் என்று விசேஷச் சலுகை வேறு!

மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? கடலைத் தூர்த்தே வளர்ந்த நாடு அது. 1960-களில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தது, இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. மணல் கொடுத்த அண்டை நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1997-ல் மலேசியா, 2003-ல் கடல் மணலுக்கு இந்தோனேசியா, 2017-ல் கம்போடியா. இந்தோனேசியாவின் நிப்பா என்ற தீவு மணல் அள்ளி அள்ளிக் கடலில் முழுகிப்போகும் நிலைக்கு வந்தது. ஓரிடத்தில் கரை எழுந்தால் இன்னோரிடத்தில் கரை கரைகிறது. மணல் தொழிற்சாலையில் நெய்கிற சரக்கா? நம் ஆறுகளில் மணல் லாரி ஓடிய பிறகு கிணறுகளின் கதி என்னவாயிற்று என்று உங்களுக்குத் தெரியாதா?

ஊரைத் தூர்த்துக் கட்டியது யார்? தமிழனும் வங்காளியும்தான் அதில் பெரும் பங்கு. ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்ட நகையை அடகு வைத்து, நிலத்தை ஒத்திக்கு விட்டுப் போன பிள்ளைகள். லாரியின் பின்தட்டில் உட்காரவைத்துத்தான் அவர்களை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 2013 டிசம்பர் 8-ந் தேதி லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்க் கட்டடத் தொழிலாளி பஸ் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அன்றிரவு பொங்கிய கோபத்தை நாடே பார்த்தது. பிறகு 2020 வந்தது. கொரோனா பரவியதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுதிகளுக்குள் அடைத்தார்கள். ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர், அடுக்குக் கட்டில், பொதுக் கக்கூஸ். அந்த வருஷம் டிசம்பருக்குள், விடுதியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு நோய் தொற்றிவிட்டது என்று அந்த நாட்டு சர்க்காரே கணக்குச் சொன்னது. சீட்டு வாங்காமல் விடுதிக்கு வெளியே கால் வைக்க முடியாத நிலை இரண்டு வருஷத்துக்கு மேல் நீடித்தது. அங்கே, பின்வாசலில் படகு. இங்கே, முன்வாசலில் பூட்டு!

இதைக் கேட்டு மில் விடுதியில் இருந்த பெண்கள் சிரித்துக்கொள்வீர்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயர் வைத்து, கல்யாணத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லி, நூற்பாலை விடுதிகளில் பெண்பிள்ளைகளைப் பூட்டி வைத்ததைப் பார்த்தவர்கள் நாம். பூட்டு ஒன்றுதான், ஊர்தான் வேறு.

துபாயை அதிகம் விவரிக்கப் போவதில்லை. 2001-ல் தொடங்கி, பனைமர வடிவில் கடலுக்குள் தீவு எழுப்பி, ஓலைக்கு ஓலை பங்களாவும் தனிக் கரையும் அமைத்தார்கள். பாலைவனத்து மணல் காற்றில் உருண்டு வழுவழுப்பானது, கெட்டிப்படாது என்று கடலடி மணலை உறிஞ்சினார்கள், 9 கோடி கன மீட்டருக்கும் மேல். அந்த நகரில் 2006 மார்ச்சில் கட்டடத் தொழிலாளர்கள் கூலிக்காகக் கொதித்தெழுந்தபோது, சங்கம் அமைக்கவோ வேலைநிறுத்தம் செய்யவோ அவர்களுக்கு உரிமை இல்லை.

கொழும்பிலும் 2014-ல் தொடங்கி 269 ஹெக்டேர் கடலைத் தூர்த்தார்கள். செயற்கைக் கடற்கரை, நீர்க்கால்வாய், மாடி வீடுகள். நீர்கொழும்புப் பக்கத்துக் கடலில் மணல் உறிஞ்சுவதால் மீன்பாடு போகிறது என்று மீனவர்கள் 2016-ல் உண்ணாவிரதம் இருந்தார்கள். கட்டியது சீனத்து சர்க்கார் கம்பெனி. யார் கட்டினாலும் மீனவன் வலை வெறும் வலையாக வந்தால் நாம் மீனவன் பக்கம்தான். இதில் தயக்கம் வேண்டியதில்லை.

"அந்தக் காலத்து ஊருணி போல வருமா!" என்று பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவா இத்தனை பேச்சு? இல்லை. ஊருணியின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். இந்தச் சீமையின் மாளிகைகளுக்கு பர்மாத் தேக்கு வந்தது. தேக்கு மட்டுமா வந்தது? 1930-களின் விலை வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் வயல் வட்டிக்கடைக்குப் போயிற்று. 1938-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கையில் இருந்தது. அந்தப் பணத்தில் இங்கே ஊருணிக்குக் கல்படியும் கட்டினார்கள். படி நல்ல படிதான். ஆனால் யார் இறங்கலாம்?

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி, ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். போதாதென்று 1931-ல் பதினொன்று. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பும் பித்தளையும் கூடாது என்பது அதில் ஒன்று. சும்மாடுகூட வைக்கோலில்தான் கட்ட வேண்டும், துணி கூடாதாம்! சென்சஸ் அதிகாரியாக இருந்த ஹட்டன் துரை இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த ஜில்லாவிலிருந்து பிரிந்ததுதான் நம் சிவகங்கை மாவட்டம். ஆகவே செந்தோசாவின் காவல்காரன் புதிதாகப் பிறந்தவன் அல்ல. அவனுடைய பாட்டன் நம் ஊருணிக் கரையில் நின்றவன்.

இப்போது வீட்டு விஷயம். குளத்தைக் காப்போம் என்ற கோஷத்தைப் பணக்காரனும் போடுகிறான். அதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி கம்பெனிக் கட்டடமும் அடுக்குமாடியும் எழும்பியபோது தண்ணீரின் வழி யார் கண்ணிலும் படவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகள் மட்டும் கண்ணில் பட்டன. குடிசைக்காரர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் விட்டார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! வெள்ளத்துக்குப் பயந்து அகற்றப்பட்டவனை வெள்ளம் தேங்கும் இடத்தில் குடியேற்றிய புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? மிச்சமிருந்த சதுப்பு நிலத்துக்கு 2022-ல் சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நல்லதுதான்.

இங்கேயும் அந்த ஆபத்து இருக்கிறது. கண்மாய்க் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டவன் வேறு நிலம் இல்லாததால் போட்டான். வரத்துக்காலை மூடி மனை பிரித்தவன் லாபத்துக்காகப் போட்டான். இருவரையும் ஆக்கிரமிப்பாளன் என்ற ஒரே சொல்லால் அழைப்பது அநியாயம். முதலாமவனுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுத்த பிறகே குடிசையில் கை வைக்க வேண்டும். இரண்டாமவனுக்கு நோட்டீசு போதும்.

மார்ச் 22-ந் தேதி தண்ணீர் தினத்துக்கும் மே 1-ந் தேதி மே தினத்துக்கும் கிராம சபை கூடும். அங்கே வைக்கத் தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொரு ஊருணிக்கும் வரத்துக்கால் எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று அளந்து, படத்தைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். நாலு பக்கத்துப் படியும் எல்லாத் தெருவுக்கும் பொது என்று எழுதிப் பலகை நட வேண்டும். தூர் வாரும் வேலையைக் காண்டிராக்டரின் இயந்திரத்துக்குக் கொடுக்காமல், கூலி நிர்ணயித்து விவசாயத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். வீடில்லாத குடும்பங்களின் பட்டியலைச் சபையிலேயே உரக்க வாசிக்க வேண்டும். வெளிநாடு போகிற பிள்ளையின் ஒப்பந்தத் தாளைப் படித்துச் சொல்லச் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஆள் உட்காருவார்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்டுமுன் அதைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

மனு மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் இருக்கிறது. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படட்டும். பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே தனியாக எழுதுங்கள். கணவன் கையெழுத்து இருவருக்கும் சேராது.