பவுல் நமக்கு எழுதாத நிருபம்

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டால் பயமில்லாமல் வந்துவிடுவேன். 'மதமும் தலித் விடுதலையும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டார்கள். பகல் முழுக்க பேங்க் கவுண்டரில் சலான் வாங்கி முத்திரை குத்துகிறவன் நான். தத்துவம் பேச வராது. எனக்குத் தெரிந்த ஒரு சபையைப் பற்றியும், தேடிப்போய்த் தெரிந்துகொண்ட இன்னொரு சபையைப் பற்றியும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலாவது எங்கள் சேரிச் சபை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு ஏரிக்கரை ஊர். முப்பத்திரண்டு குடும்பம், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், ஒரு டோலக். மாசத்துக்கு இரண்டு ஞாயிறு பக்கத்து ஊரிலிருந்து ஐயர் வருவார். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரே ஐயர் அவர்தான். (சிரிப்பு)

தாத்தா காலத்தில் ரோட்டோரத்துப் பெரிய கோயிலுக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கே நம்ம ஜனத்துக்குத் தரையில் பாய், மற்றவர்களுக்குப் பெஞ்சு. பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் திருவிருந்துப் பாத்திரம் பாய்க்கு வரும். கிறிஸ்துவின் இரத்தத்திலும் எங்களுக்கு அடிமண்டிதான். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம். ஒரு ஈஸ்டர் அன்று தாத்தாவும் நாலு குடும்பமும் எழுந்து வந்து சேரியில் ஓலைக்கொட்டகை போட்டார்கள். எங்கள் சபை பிறந்த கதை இது. ஆனால் இந்தக் கதை எங்கள் ஆராதனையில் எந்த இடத்திலும் வராது. இஸ்ரவேலர் எகிப்தில் செங்கல் அறுத்தது எங்கள் கிழவிகளுக்கு மனப்பாடம். அவர்களே ரெட்டியார் சூளையில் செங்கல் அறுத்தவர்கள். அதைச் சாட்சி நேரத்தில் சொல்ல மாட்டார்கள். சாட்சி என்றால் காய்ச்சல் விட்டது, பேத்தி பாஸானாள், மகனுக்கு வேலை கிடைத்தது.

என் வேலையைப் பற்றியும் அம்மா சாட்சி சொன்னாள். எந்த சர்டிபிகேட்டில் கிடைத்தது என்பதை விட்டுவிட்டாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் எனக்கு ஒரு பேர். தாசில்தார் கொடுத்த காகிதத்தில் இன்னொரு பேர், பக்கத்தில் 'இந்து'. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை இந்துவைத் தவிர யாரும் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் வெளியேதான். கல்லறைச் சுவருக்கு மட்டும் நான் யார் என்று தெரியும், சர்க்காருக்குத் தெரியாது. இதை மேடையில் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு பேர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

இனி இரண்டாவது சபை. யூனியன் மாநாட்டுக்குக் கோட்டயம் போனபோது, ஒரு மலையாளத் தோழர், பேங்க் சிப்பந்தி, தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். திருவல்லா பக்கம் இரவிபேரூரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையைச் சேர்ந்த குடும்பம். 1909இல் அதைத் தொடங்கியவர் பொய்கையில் யோகன்னான். 1879இல் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்ததே 1855இல்தான். இடையில் 24 வருஷம். அவர் வளர்ந்த வீட்டில் அடிமையாக விற்கப்பட்டவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. குடும்பமே சிரியன் கிறிஸ்தவ நிலக்காரருக்குக் கட்டுப்பட்டது. குமாரன், யோகன்னான் ஆனார். பைபிள் படித்தார், பிரசங்கியானார். மார்த்தோமா சபையில் சாதியைப் பார்த்தார், வெளியேறினார். பிரதரன் சபைக்குப் போனார், அங்கேயும் பார்த்தார்.

அப்போது அவர் ஜனத்திடம் ஒரு கேள்வி கேட்டாராம். பவுல் ரோமருக்கு எழுதினான், கொரிந்தியருக்கு எழுதினான், திருவிதாங்கூர் புலையனுக்கும் பறையனுக்கும் ஒரு நிருபமாவது எழுதினானா என்று. சபையார் இன்றும் சொல்கிறார்கள். வாகத்தானத்தில் பைபிளையே எரித்ததாகவும் சொல்கிறார்கள். பைபிளை நெஞ்சில் வைத்துத் தூங்குகிற எங்கம்மா இதைக் கேட்டால் என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள்.

எரித்துவிட்டு அந்த இடத்தில் அவர் எதை வைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அடிமைகளின் கதையை வைத்தார். அப்பனை ஒரு திசைக்கும் ஆத்தாளை ஒரு திசைக்கும் விற்றது, பிள்ளைகள் அநாதையாகத் திரிந்தது, மாட்டோடு சேர்த்து ஏரில் பூட்டியது. அதையெல்லாம் பாட்டாகப் பாடினார், மணிக்கணக்கில் பேசினார், கேட்டவர்கள் கதறினார்கள். அந்தப் பேச்சும் பாட்டும் கண்ணீரும்தான் வழிபாடு. அடிமைகளின் அழுகையைக் கேட்டுத் தெய்வம் நேரில் வந்தது, இரட்சிப்பு செத்தபிறகு இல்லை, கண்முன்னால், இந்த உடம்புக்கு என்பது விசுவாசம். பேரிலேயே 'பிரத்யக்ஷ' இருக்கிறது. நம்ம ஜனத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லையே என்று பாடினவர் பள்ளிக்கூடம் கட்டினார். 1921இலும் 1931இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்தார். 1939இல் இறந்தார். வரலாற்றாசிரியர் சனல் மோகன் 2015இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த புத்தகத்தில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

தோழரின் அம்மா எனக்காக ஒரு பாட்டுப் பாடினார். மலையாளம் பாதிதான் புரிந்தது. இழுவை மட்டும் முழுசாகப் புரிந்தது. எங்கள் பாட்டி ஒப்பாரி வைக்கிற அதே இழுவை. பாடி முடித்துவிட்டு, "சாப்பிடு மோனே" என்று கப்பைக்கிழங்கு வைத்தார்.

யோகன்னானைத்தான் இன்று அவர்கள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். எனக்கு அதில் நெருடல் உண்டு. நம்ம ஆளைச் சாமியாக்கி உட்காரவைத்தால், அவர் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிற வேலை நமக்கு மிச்சமாகிவிடும். அம்பேத்கருக்கும் இப்போது இதே கதிதான் என்பது வேறு விஷயம்.

அவர் போனபிறகு, நாம் கிறிஸ்தவரா இல்லையா என்று சபைக்குள் சண்டை. 1950 ஆணை வந்து அந்தக் கேள்வியில் கத்தி வைத்தது. சபை கிறிஸ்தவம் இல்லை என்ற பக்கம் போனது. ஒரு பகுதியார் ஒத்துக்கொள்ளவில்லை. தோழர் இதைச் சொல்லும்போது நான் என் சர்டிபிகேட்டை நினைத்துக்கொண்டேன். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், சர்ச்சுக்குப் போய்க்கொண்டு ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை மோசம் செய்வது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கேட்டதும் குமாஸ்தா வேலைதான். பெஞ்சையும் பாயையும் பிரித்துப் போட்டவர்கள் செய்தது என்ன மோசம் என்று எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை.

ஜெபம் பண்ணுகிற கிழவிகளைப் பார்த்து நம் தோழர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவன்தான். இரவிபேரூர் போய்வந்த பிறகு, போன வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு ஊருக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எங்கள் தெருக் கிழவி ஒருத்தியிடம், "ஆயா, படியாளா இருந்த கதையைச் சொல்லு" என்றேன். "அதையா? கோயில்லயா?" என்றாள். ஐயர் வாட்சைப் பார்த்தார்.

எழுந்து சொன்னாள். நடவு நாளில் கூழை எட்ட நின்று கையில் ஊற்றுவார்களாம். விரல் இடுக்கில் ஒழுகிச் சேற்றில் விழுமாம். இடுப்பில் இருந்த பிள்ளை குனிந்து சேற்றிலிருந்து எடுத்துத் தின்னுமாம். அந்தப் பிள்ளை எங்கம்மா.

டோலக் அடிக்கிற பையன் கையை மடியில் வைத்துக்கொண்டான். அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஐயர், அடுத்து எந்தப் பாட்டைச் சொல்வதென்று தெரியாமல், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.