சொல் தேடலும் பொருள் தேடலும்
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே நம் வழக்கம். இம்முறை அறிவியற் பொருள் ஒன்றைத் தாய்மார்களுக்கும் விளங்கும் தமிழில் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். ஆதலின், இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்ற தேடுபொறியைப் பற்றிப் பேச முற்பட்டோம். நாம் ஒன்றைக் கேட்டவுடன் அப்பொறி உலகமெல்லாம் துருவி விடை கொணர்கிறதே, அஃது எவ்வாறு? அதனை மேலும் செம்மைப்படுத்த அறிஞர் செய்துவரும் முயற்சிகள் யாவை? இராமகுப்பத்தில் வாழும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இம்மூன்றே இன்றைய உரையின் பொருள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். சித்தூர் மாவட்டத்தில் நிலக்கடலை விளையாத ஊர் அரிது. அப்பயிருக்குத்தான் எத்தனை பெயர்கள்! நூல்களில் நிலக்கடலை என்பர். கடைத்தெருவில் வேர்க்கடலை என்பர். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம் பாட்டிமார் மல்லாட்டை என்பர். அடுத்த வீட்டுத் தெலுங்கர் வேருசெனக என்றும் செனக்காய என்றும் கூறுவர். எல்லையைக் கடந்தால் கன்னடர் கடலெக்காயி என்பர். பொருள் ஒன்று, பெயர் பல. இந்நிலையில் ஒரு உழவர், “மல்லாட்டை இலையில் புள்ளி விழுகிறது, என் செய்வது?” என்று பொறியைக் கேட்கிறார் என்று கொள்வோம். எழுத்தை மட்டும் பார்க்கும் பொறி ‘மல்லாட்டை’ என்ற சொல் உள்ள ஏடுகளையே தேடும். திருப்பதியிலுள்ள மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை ஆய்வுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் இலைப்புள்ளி நோயைப் பற்றித் தெலுங்கில் எழுதிய குறிப்பு இவ்வுழவர் கண்ணிற் படாது. விடை இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. இந்தச் சந்திப்பை நிகழ்த்துவதே பொருள் தேடல்.

பொருள் வழியே தேடுதல் தமிழர்க்குப் புதிதன்று. நம் பழைய நிகண்டுகள் அகர வரிசையில் அமைந்தவை அல்ல. சேந்தன் திவாகரம் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பொருள்வழிப் பகுக்கப்பட்ட நூலாகும். 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தார். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி இயற்றினார். அதன் பின்னரே அகர வரிசையில் தேடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிற்று. பொருளிலிருந்து எழுத்துக்கு வந்தோம். இன்று பொறிகள் எழுத்திலிருந்து மீண்டும் பொருளுக்குச் செல்கின்றன.

இவ்வழியில் நினைவுகூரத்தக்க மற்றொரு தமிழர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்திற்கும் ஒரு குறியீடு தந்தது. ஒரு பொருளைப் பல அளவைகளால் குறிக்கலாம் என்னும் இக்கருத்தை உள்ளத்திற் கொண்டால், இனி வருவது எளிதில் விளங்கும்.

அமெரிக்க நாட்டின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்டு சால்ட்டன் என்பாரும் அவர்தம் துணைவரும், ஒவ்வோர் ஏட்டையும் எண்களின் வரிசையாக, அதாவது ஒரு திசையனாகக் கருதும் முறையை 1975-இல் விளக்கி எழுதினர். ஆங்கிலத்தில் இதனை வெக்டர் என்பர். வரைபடத்தில் ஓர் ஊரை இரண்டு எண்களால் குறிக்கிறோம் அல்லவா? அதுபோல் ஒரு வாக்கியத்தைப் பல நூறு எண்களால் குறித்தால், பொருளால் நெருங்கிய வாக்கியங்கள் அருகருகே அமையும். முதலில் இவ்வெண்கள் சொற்கள் எத்துணை முறை வருகின்றன என்பதைக் கொண்டே கணிக்கப்பட்டன. 2013-இல் வேர்டுடூவெக் என்ற முறையும், 2018-இல் பெர்ட் என்ற முறையும் கூகுள் நிறுவனத்தாரிடமிருந்து வந்தன. இவை ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடி வாழ்கிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களிற் கண்டு, தாமே அவ்வெண்களைக் கற்றுக்கொள்கின்றன. ஒருவனை அவன் சேரும் இனத்தால் அறியலாம் என்பர் நம் முன்னோர். சொல்லுக்கும் அதுவே பொருந்திற்று. மல்லாட்டையும் வேர்க்கடலையும் எண்ணெய், செக்கு, மானாவாரி, இலைப்புள்ளி என்ற ஒரே சுற்றத்தாரோடு வாழ்வதால், பொறி அவற்றை அண்டை வீட்டாராக்குகிறது.

மொழி வேலியும் இங்குத் தாழ்கிறது. 2020-இல் கூகுள் ஆய்வாளர் வெளியிட்ட லாப்சே என்னும் அமைப்பு 109 மொழிகளின் வாக்கியங்களை ஒரே வரைபடத்தில் வைக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவற்றுள் அடங்கும். ஆகவே தமிழில் கேட்ட கேள்வி, தெலுங்கில் எழுதிய விடையின் அருகே சென்று நிற்க முடியும். மும்மொழி எல்லையில் வாழும் நமக்கு இதனினும் பயனுள்ள கலை வேறு யாது?

இனி இடர்ப்பாடுகளைக் காண்போம். பெர்ட் முறையில் ஒரு வாக்கியத்திற்கு 768 எண்கள். ஓர் எண்ணுக்கு நான்கு பைட்டு வீதம் 3,072 பைட்டு. ஒரு கோடிப் பத்திகளுக்கு ஏறத்தாழ 30 ஜிகாபைட்டு நினைவகம் வேண்டும். கேள்வி வந்தவுடன் ஒரு கோடியையும் ஒவ்வொன்றாய் ஒப்பிடின் காலம் பெரிதும் செல்லும். இதற்கு அறிஞர் இரண்டு உபாயங்கள் கண்டனர்.

ஒன்று, எண்களைச் சுருக்குதல். நான்கு பைட்டுக்குப் பதில் ஒரு பைட்டில் எழுதினால் இடம் காற்பங்காகும். ஓர் எண்ணை ‘உண்டு, இல்லை’ என்ற ஒரே குறியாகச் சுருக்கினால் முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். 30 ஜிகாபைட்டு ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். சுருக்கத்தால் கூர்மை குறையுமே எனின், சுருக்கிய எண்களால் முதல் நூறு பேரைப் பொறுக்கிக்கொண்டு, அந்நூற்றுவரை மட்டும் முழு எண்களால் மறுபடியும் அளப்பர். பெருங்கூட்டத்தைச் சல்லடையால் சலித்து, எஞ்சியதை முறத்தில் புடைப்பது போன்றது இது.

மற்றொன்று, வழிகாட்டும் வலையமைப்பு. 2016-இல் ரஷ்ய நாட்டு ஆய்வாளர் மால்கோவ், யாஷுனின் ஆகிய இருவரும் வெளியிட்ட இம்முறையைப் புகைவண்டிப் பயணத்தால் விளக்கலாம். சென்னையிலிருந்து இராமகுப்பம் வருபவர் ஒவ்வொரு ஊராய் நின்று விசாரிப்பதில்லை. விரைவு வண்டியில் ஏறிச் சோலையார்பேட்டையில் இறங்குகிறார். அங்கிருந்து வேறு வண்டியில் குப்பம் சேர்கிறார். பின்னர்ப் பேருந்தில் ஊருக்கு வந்து, கடைசியில் தெருவில் நடக்கிறார். இம்முறையிலும் மேல் தளத்தில் சில புள்ளிகளே உண்டு. அவை தொலைவாய் இணைந்திருக்கும். கீழே வர வர நிறுத்தங்கள் மிகும். மேலே விரைந்து, கீழே நெருங்கி, விடையின் தெருவை அடையலாம். மிகச் சிறந்த விடை எப்போதேனும் தவறக்கூடும். ஆயினும் விரைவு பன்மடங்கு பெருகுகிறது. எத்துணை விரைவுக்கு எத்துணைத் தவறலைப் பொறுப்பது என்று முடிவு செய்வதே பொறியாளரின் திறமை.

அடுத்து, ஏடுகள் ஒரே பொறியில் அடங்காத நிலை. இதற்கு எம் துறையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இந்திய இருப்புப்பாதையின் பயணச்சீட்டு முன்பதிவு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என்ற ஐந்து மையங்களின் கணிப்பொறிகளில் நடைபெற்றுவந்தது. கன்செர்ட் என்ற பெயரால் 1999-இல் அவ்வைந்தும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டன. அதன் பின் எந்தச் சாளரத்தில் நின்றும் எந்த வண்டிக்கும் இடம் கேட்கலாம் என்றாயிற்று. அங்கே வண்டி எண்ணைச் சொன்னால், அவ்வண்டியின் கணக்கு எந்த மையத்தில் உள்ளது என்பது தெரியும். கேள்வி நேரே அங்குச் செல்லும்.

தேடுபொறிக்கு அவ்வசதி இல்லை. விடை எந்தக் கணிப்பொறியில் உள்ளது என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே கேள்வியை எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவர். ஒவ்வொன்றும் தன்னிடமுள்ளவற்றுள் சிறந்த பத்தைத் தேர்ந்து திருப்பும். நூறு கணிப்பொறிகளிலிருந்து ஆயிரம் விடைகள் வரும்; அவற்றை ஒன்றாக்கி முதற் பத்தை நமக்குக் காட்டுவர். ஏடுகளை முழுமையாய் அனுப்பாமல், முதலில் எண்ணையும் மதிப்பையும் மட்டும் அனுப்பி, தேர்ந்த பத்துக்கு மட்டும் முழு ஏட்டை வரவழைத்தால் கம்பியின் சுமை குறையும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு கணிப்பொறியும் நூறு தடவையில் ஒரு தடவை மட்டும் தாமதிக்கிறது என்று கொள்வோம். அது சிறு குறை என்றே தோன்றும். ஆனால் நூறு கணிப்பொறிகளையும் கேட்டு, எல்லாம் வந்த பிறகே விடை சொல்வதானால், நூறு கேள்விகளில் ஏறத்தாழ 63 கேள்விகள் தாமதமாகும்! கூகுள் அறிஞர் ஜெஃப் டீன், பரோசோ ஆகிய இருவர் 2013-இல் இதனை விளக்கி எழுதினர். பந்தியில் கடைசி இலைக்குச் சோறு வரும் வரை எவரும் கை வைக்கலாகாது என்றால், எல்லார் பசியும் அந்த ஒரு இலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. இதற்கு மருந்து யாது? ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு படிகள் வைத்து, முதலாவது சற்றே தாமதித்தால் இரண்டாவதையும் கேட்பது ஒன்று. பொருளால் ஒத்த ஏடுகளை ஒரே இடத்தில் தொகுத்து, வேளாண்மைக் கேள்வியை வேளாண்மை ஏடுகள் உள்ள சில கணிப்பொறிகளுக்கு மட்டும் அனுப்புவது மற்றொன்று.

பொருள் தேடல் வந்துவிட்டதால் எழுத்துத் தேடல் பயனற்றுப் போயிற்று எனக் கருதற்க. பொருள் தேடும் பொறிக்கு இராமகுப்பமும் சாந்திபுரமும் அண்டை ஊர்கள். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைத் தந்துவிடக்கூடும். நில அளவை எண், வண்டி எண், ஆட்பெயர் ஆகியவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் பிழை. அங்கே எழுத்துத் தேடலே வல்லது. எனவே இரண்டையும் நடத்தி, இரு பட்டியல்களையும் இணைப்பர். பேச்சுப் போட்டியில் ஒரு நடுவர் தாராளமாய் மதிப்பெண் இடுவார். மற்றவர் கையிறுக்கமாய் இடுவார். மதிப்பெண்ணைக் கூட்டினால் நீதி பிறழும். இடத்தை, அதாவது முதலிடம், இரண்டாமிடம் என்பதைப் பார்த்து இணைத்தால் நீதி நிலைக்கும். 2009-இல் வெளியான ஓர் இணைப்பு முறை இவ்வண்ணமே செய்கிறது. இன்றும் பல தேடுபொறிகள் அதனைக் கையாளுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். அருகில் இருப்பது எது என்று கேட்டால், ஏதேனும் ஒன்று எப்போதும் அருகில் இருக்கத்தான் செய்யும். சரியான விடை ஏட்டிலேயே இல்லாதபோதும் பொறி பத்து விடைகளைத் தரும். மேலும் எதிர்மறையை உணர்வதில் இப்பொறிகள் இன்னும் வலிமை பெறவில்லை. ‘குழந்தைக்கு இம்மருந்து கொடுக்கலாம்’, ‘குழந்தைக்கு இம்மருந்து கொடுக்கலாகாது’ என்ற இரண்டும் திசையன் வரைபடத்தில் அடுத்தடுத்தே நிற்கக்கூடும். நம் தமிழிலோ எதிர்மறை ஓர் அசையில் ஒளிந்திருக்கிறது. எனவே தாய்மார்களே, மருந்தும் உடல்நலமும் பற்றிய செய்தியில் பொறி காட்டியதைப் படித்துப் பாருங்கள். மருத்துவரைக் கேட்காது செயற்படாதீர்கள்.

இறுதியாக நம் கடமைக்கு வருவோம். நம் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியிற் படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தறியாதார் பலர். அவர்கள் தெலுங்கெழுத்தில் கேட்டாலும் தமிழ் ஏட்டைக் கொணர வல்ல பொறி வந்துவிட்டது. ஆனால் கொணர்வதற்கு ஏடு வேண்டுமே! 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் நம் இலக்கியங்களைக் கணிப்பொறியில் ஏற்றிற்று. சென்னையில் 1994-இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சு நூல்களைப் பேணுகிறது. பெருநூல்களுக்கு இத்தகைய காவலர் உளர். எல்லையோரத் தமிழர் எவ்வாறு வாழ்ந்தனர், எச்சொற்களைப் பேசினர், எப்பயிரை இட்டனர் என்பதை நம் சங்க மலர்களைத் தவிர வேறு எவ்வேடு கூறும்? அவை பெட்டிகளில் செல்லரித்துக் கிடப்பின், எத்துணை நுண்ணிய பொறியும் அவற்றைக் காணாது.

ஆதலின் சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன மூன்று. பழைய ஆண்டு மலர்கள் அனைத்தையும் யூனிகோடு எழுத்தில் தட்டெழுதி வைக்க வேண்டும். வெறும் படமாக வைத்தாலும், பழைய எழுத்துருக்களில் வைத்தாலும் பொறிக்கு அவை எளிதில் விளங்கா. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஊரும் ஆண்டும் குறிக்க வேண்டும். மல்லாட்டை போன்ற நம் வீட்டுச் சொற்களைத் திருத்தாமல் அவ்வாறே எழுதிப் பொருளும் தர வேண்டும். இப்பணிக்கு நம் இளைஞரின் கைப்பேசிகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

பெற்றோரிடம் வேண்டுவது ஒன்றே. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பியுங்கள். பொறி ஏட்டைக் கொணர்ந்து முன்னே வைக்கும். பாட்டியின் சொல்லைப் பாட்டியின் எழுத்திலேயே படித்து மகிழ்தல் பிள்ளையின் பணி. அது நிகழுமாயின், சீர்காழிப் பெரியார் விரும்பியவாறு, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைக் கண்டடையும்.