அகில் எப்படி மணக்கும்?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்பிலே தமிழ் படிப்பிக்கிறேன். அகில் என்ற சொல் வரும்போதெல்லாம் 'ஒருவகை வாசனை மரம்' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். ஒருமுறை ஒரு மாணவன் விடவில்லை. "எப்பிடி மணக்கும் சேர்?" என்றான். "சாம்பிராணி மாதிரி" என்றேன். அது பிழையான விடை என்று சென்ற மார்கழியிலேதான் தெரிந்தது.

கட்டாரிலே வேலைசெய்யும் என் மைத்துனர், விடுமுறையில் அரியாலைக்கு வந்தபோது ஒரு சிறு போத்தல் தந்தார். ஊத் தைலம். அராபியர் ஊத் என்பது எங்கள் அகிலைத்தான்.

மழை விடாத காலை. மணிக்கட்டிலே ஒரு துளி தடவினேன். முதல் மணம் பிடிக்கவில்லை. நனைந்த மாட்டுக்கொட்டிலும் பழந்தோலும் சேர்ந்த நெடி. "கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ" என்றார் மனைவி. பாடசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிட்டது. கராம்பும் மிளகும் கலந்தாற்போல ஒரு காரம். மதியத்துக்குப் பின் காரமும் அடங்கி, பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்த மாதிரி உலர்ந்த வாசம். அடியிலே மெல்லிய இனிப்பு. மாலையிலும் சேட்டின் கைப்பகுதியை விட்டுப் போகவில்லை. அந்த ஈரக் குளிரிலே, ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டதுபோல இருந்தது.

அன்றிரவு நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்தேன். 188 அடிகள், பலமுறை படிப்பித்த பாட்டு. அதிலே கூதிர்க்காலம் வருகிறது. வடநாட்டார் தந்த வட்டக்கல்லும் தென்திசைச் சந்தனமும் தேடுவாரற்றுக் கிடக்கின்றன. தகர விறகிலே தீ மூட்டி, கரிய வயிரமுடைய அகிலைக் கண்டசருக்கரையோடு புகைக்கிறார்கள். 'பருவ வருணனை' என்று குறிப்பெழுதிக் கொடுத்தவன் நான். சந்தனம் வெயிலுக்கு, அகில் குளிருக்கு என்பது பூசிய பிறகுதான் உறைத்தது.

எங்கள் அப்பப்பா சித்திரை வெயிலிலே குளித்துவிட்டு வந்து மார்பு நிறையச் சந்தனம் பூசுவார். 1995 ஒக்ரோபரிலே கண்டி வீதியால் தென்மராட்சிக்கு நடந்தபோது, சந்தனக்கட்டையை மடியிலே கட்டிக்கொண்டார். கல்லு பாரம் என்று கிணற்றடியிலே விட்டுவிட்டோம். 1996இல் திரும்பி வந்தபோது கல்லு கிடந்தது. அப்பப்பா இல்லை.

'கரிய வயிரம்' என்பதும் சும்மா அடைமொழி அன்று. நோயற்ற அகில் மரம் வெளிறியது, பாரமற்றது, மணமும் இல்லாதது. காயம்பட்டுப் பூஞ்சணம் பற்றிய இடத்திலேதான் பிசின் ஊறிக் கறுக்கும், மணம் அங்கேதான். நல்ல துண்டு நீரில் தாழும். சீனர் அதனை 'தாழும் மணம்' என்றே பெயரிட்டனர். காயத்தையும் மணத்தையும் வைத்து உவமை சொல்ல நாக்கு நீளும். எங்களூரிலே அந்த உவமையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, விட்டுவிடுகிறேன். இலங்கையின் ஈரவலயத்திலும் இதற்கு ஓர் உறவு மரம் உண்டு. கட்டுநாயக்காவிலே சுங்கத்தார் அடிக்கடி பிடிக்கிறார்களே, அந்த வல்லப்பட்டைதான்.

சிலப்பதிகாரத்திலே அகில் கப்பலேறி, கொண்டற்காற்றோடு வருகிறது. கொண்டல் எங்கள் கடற்றொழிலாளர் வாயிலே இன்றும் வழங்கும் சொல். அடியார்க்குநல்லார் அகில் வகைகளிலே ஒன்றைக் கிடாரவன் என்பார். பெயருக்குள்ளேயே கடாரம் இருக்கிறது. மாதவி நீராடியதோ முப்பத்திரண்டு சரக்கு ஊறிய நீரில். இலவங்கம், ஏலம், நன்னாரி, இலாமிச்சை என்று உரையிலே பட்டியல் நீளும். நான் பரீட்சையிலே எத்தனை என்று மட்டும் கேட்டுப் புள்ளி போட்டிருக்கிறேன்.

மறுநாள் ஒரு துளியைத் தாளிலே தடவி வகுப்பிலே சுற்றவிட்டேன். சிலர் மூக்கைப் பொத்தினார்கள். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"ஐஞ்சுசந்திப் பள்ளிவாசல் பக்கம் போனா இந்த மணம் வரும் சேர்."

எனக்குப் பேச்சு எழவில்லை. 1990 ஒக்ரோபரிலே விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. அதற்கு முன்னர், அப்பப்பாவின் சைக்கிள் பாரிலே இருந்து சோனகதெருத் தையற்கடைக்கு எத்தனை தரம் போயிருப்பேன். அங்கே அகில் மணந்திருக்கும். தையல் மெசின்களின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மணம் நினைவில் இல்லை.