வீரக்கதைகளும் மலைமக்களும்



வெள்ளிவிழா மேடையில் சாகச நாவல்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் மாணவர்கள் இரவில் விளக்கணைக்க மனமின்றிப் படிப்பவை அவையே. ஆதலால் பேசுகிறோம்.

அமெரிக்கரான ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1826-ஆம் ஆண்டில் ‘மொகிகன்களில் கடைசி மனிதன்’ என்னும் நாவலை வெளியிட்டார். 1757-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்க மண்ணுக்காகப் பொருதிய காலத்துக் கதை அது. இறுதியில் அன்கஸ் என்னும் இளைஞன் மாள, அவன் தந்தை குலத்தின் கடைசி மனிதனாக நிற்கிறான். இளமையில் அதைப் படித்து நாமும் கண் கலங்கினோம். மொகிகன் குடியினர் அழியவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். இன்றும் அவர்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் தமக்கென நிலமும் ஆட்சிமன்றமும் கொண்டு வாழ்கின்றனர். கூப்பரின் இரக்கம் பொய்யன்று. எனினும் உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டால், பறிபோன மண்ணைத் திருப்பிக் கேட்க ஆளில்லை என்றாகிவிடுகிறதல்லவா?

மற்றொன்றையும் ஒளியாமல் உரைக்கிறோம். ஆப்பிரிக்கக் காட்டுக் கதைகளில் பறை முழங்கும்போதெல்லாம் நாம் வெள்ளையர் பக்கம் நின்றே அஞ்சினோம். நாம்! பறையொலி கேட்டு வளர்ந்த நாம்!

தமிழ்நாட்டில் வேறு வகையான நாவலும் எழுந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்று அதனை இரா. முருகவேள் தமிழாக்கினார். வெள்ளையர் காலத்தில் மேஸ்திரி தந்த முன்பணத்தை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய கருப்பன், வள்ளி என்னும் நம்மவரின் கதை அது. வேலை செய்யச் செய்யக் கடன் ஏறுகிறது. மலேரியா கூட்டங்கூட்டமாகக் கொல்லுகிறது. அங்கே துரை வீரனல்லன். கணக்குப் பேரேட்டின் பின்னால் அமர்ந்திருப்பவன். அக்காடு அதற்குமுன் காடர் முதலிய பழங்குடியினரின் இருப்பிடம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, நம் கண்ணெதிரே நிற்கும் கல்வராயன் மலைக்கு வருவோம். அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தார் அல்லர். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் அப்பெயரைத் தாங்கும் தமிழ்ப் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பியர் மூவர் வந்து மலைகளைப் பகிர்ந்துகொண்டனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அக்கதையும் ஏறியது. மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்த அதிகாரி அவர். அளக்கப்பட்டவர் தம்மை அளந்தவரைப் பற்றி எழுதிய ஏடு எங்கே?

ஆயினும் கல்வராயன் கதையை எழுதப் புகுவோர் வெள்ளையனை மட்டும் கொடியவனாக்கினால் கதை பொய்த்துவிடும். இம்மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நிலவியது. ஆங்கில அரசு அதை அகற்றவில்லை. தன் செலவின்றி மலை அடங்கியிருக்க அதுவே போதுமானதாயிருந்தது போலும். 1947-இல் கொடி மாறியும் மலைமேல் நிலை மாறவில்லை. கூலியில்லா வெட்டிவேலை தொடர்ந்தது. 1976-ஆம் ஆண்டில்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. வட்டிக்குக் கொடுக்கவும் விளைச்சலை மலிவாய் வாங்கவும் ஏறிச்சென்றவர்கள் நம் சமவெளியார். சாதி இழிவை நன்கறிந்த நாமும் அம்மக்களை என்ன சொல்லி அழைத்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்நாளில் பதினைந்து வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து செல்கிறது. மாணவர்களே, கோடை விடுமுறையில் ஏட்டோடு சென்று அப்பெரியோர் முன் அமருங்கள். வெட்டிவேலைக்கு ஆளழைக்க வந்தவன் விடியற்காலையில் வாசலில் நின்று என்ன சொன்னான், வீட்டார் என்ன மறுமொழி சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள்.